ரத்தக்குழாய்க்கு வயது 69 என்றார்கள்

எனக்கு வயது 51. போன வருஷம் மாசி மாதம், உறையூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச இதய முகாமில், என் ரத்தக்குழாய்க்கு மட்டும் வயது 69 என்று வண்ணத்தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். அந்த ஒரு எண்ணைக் காட்டி என்னிடம் வாங்கிய பணம் 93,600 ரூபாய். ஒரு ராத்திரி அவசர சிகிச்சைப் பிரிவில் படுத்த செலவு, சம்பளமில்லாமல் போட்ட லீவு, சரியாகத் தூங்காமல் கழிந்த மாதங்கள் எல்லாம் தனிக் கணக்கு. கணவர் இல்லை. ஒரே மகன் ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். யாரிடம் கேட்பது என்று புரியாமல் தனியாக அலைந்து தெரிந்துகொண்டதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். இதே மாதிரித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பயந்து நிற்கிற யாருக்காவது உதவும். நான் டாக்டர் இல்லை, தனியார் பள்ளி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

முகாமுக்குப் போனதற்குக் காரணம் அப்பா. 58 வயதில் மாரடைப்பில் போனவர். அதிலிருந்து, ஐம்பதைத் தாண்டினால் நமக்கும் அதுதான் என்று உள்ளுக்குள் ஒரு பயம் ஓடிக்கொண்டே இருக்கும். நோட்டீஸில் 'ஊசி இல்லை, வலி இல்லை, ஐந்தே நிமிடத்தில் மாரடைப்பை முன்கூட்டியே அறியலாம்' என்று போட்டிருந்தார்கள். பள்ளியில் ஆடிட் நேரம், காலையிலிருந்து ஒரே டென்ஷன். வழியில் ஒரு காபி குடித்துவிட்டு, மண்டபத்தின் மாடிக்குப் படியேறி மூச்சு வாங்க உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். கட்டிலில் படுக்க வைத்து, இரண்டு புஜத்திலும் இரண்டு கணுக்காலிலும் பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றினார்கள். மணிக்கட்டில் ஈசிஜி கிளிப். நாலு பட்டையும் ஒரே நேரத்தில் இறுகி, மெதுவாகக் காற்று இறங்கியது. அவ்வளவுதான். வலி இல்லை என்று போட்டிருந்தது உண்மைதான்.

தாளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டை பட்டையாக ஒரு படம். சிவப்பின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, அது நான். பக்கத்தில் வலது 1,720, இடது 1,690 என்று இருந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் (டாக்டரா இல்லையா என்று இன்றுவரை தெரியாது) பேனாவால் அந்தப் புள்ளியை வட்டமிட்டு, "மேடம், குழாய் பூரா சுண்ணாம்பு படிஞ்சிருக்கு. நாளைக்கு பைபாஸ் டேபிள்ல படுக்கணுமா, இப்பவே கிளீன் பண்ணிக்கலாமா, நீங்களே சொல்லுங்க" என்றார். கை கால் எல்லாம் சில்லிட்டுப் போனது. அறுவை சிகிச்சை இல்லாமல் டிரிப்ஸ் மூலமாகவே அடைப்பைக் கரைக்கும் சிகிச்சையாம். ஒரு டிரிப்ஸ் 2,800 ரூபாய், மொத்தம் முப்பது, ஆக 84,000. கூடவே 9,600 ரூபாய்க்கு மாத்திரை டப்பாக்கள். 'முகாம் சலுகை' அன்று சாயங்காலத்தோடு முடிகிறது என்றார்கள். மகனுக்குப் போன் போட்டேன், ஷிப்டில் இருந்தான், எடுக்கவில்லை. அடுத்த மாதம் சீட்டுக் கட்ட வைத்திருந்த பணத்தோடு சேமிப்பிலிருந்தும் எடுத்துக் கட்டினேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். இந்தச் சோதனையில் அன்றைக்கே பணம் கட்ட வேண்டிய அவசரம் எதுவும் கிடையாது. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல், இவை இருந்தால்தான் அவசரம். அதற்கு முகாமில் நிற்கக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுக்க வேண்டும். இந்தச் சோதனை அளக்கிற ரத்தக்குழாய் விறைப்பு என்பது வருஷக்கணக்கில் ஏறுகிற விஷயம். ஒரு வாரம் கழித்து முடிவெடுத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. 'இன்றைக்கு மட்டும்' என்று எவர் சொன்னாலும் தாளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுங்கள். அந்தத் தாள் உங்களுக்குப் பின்னால் மிகவும் பயன்படும், எனக்குப் பயன்பட்டது.

டிரிப்ஸ் ஏற்றிய இடம் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடி. வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், டிவியில் சீரியல். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். பக்கத்து நாற்காலியில் லால்குடியிலிருந்து வரும் ஓர் அய்யா, இரண்டாவது சுற்று ஏற்றிக்கொண்டிருந்தார். முதல் சில தடவை ஒன்றும் தெரியவில்லை. ஏற முழுசாக மூன்று மணி நேரம் ஆகும். ஒரு நாள் சாயங்காலம் போனபோது கூட்டம், சீக்கிரம் மூட வேண்டும் என்று வேகத்தைக் கூட்டி வைத்தார்கள். பாட்டில் பாதிக்கு மேல் இறங்கியிருக்கும், உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுப்பு. அப்புறம் விரல் நுனிகள். கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டது, நீட்ட முடியவில்லை. அங்கிருந்த பெண்ணிடம் சொன்னேன். "அழுக்கு வெளியேறுது ஆன்ட்டி, அப்படித்தான் இருக்கும், பயப்படாதீங்க" என்றாள். சின்னப் பெண், அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். ஊசியைக் கழற்றச் சொல்லிவிட்டு, கிளம்பும்போது மருந்துக் குப்பியின் லேபிளை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஆட்டோ பிடித்து வழியில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இறங்கினேன்.

அந்தப் படம்தான் என்னைக் காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும். அவசரப் பிரிவு டாக்டர் லேபிளைப் பார்த்ததும் வேறு கேள்வியே கேட்கவில்லை. ஈசிஜி எடுத்தார், ரத்தத்தில் கால்சியம் பார்த்தார், குறைந்திருந்தது, நரம்பில் மெதுவாகக் கால்சியம் ஏற்றினார். உள்ளே போன மருந்தின் பெயர் ஈ.டி.டி.ஏ. உலோகங்களைப் பிடித்துக்கொண்டு சிறுநீரில் வெளியேற்றுவது அதன் வேலை. ஈய நஞ்சு ஏறியவர்களுக்கு அதன் ஒரு வகையைக் கொடுப்பது முறையான மருத்துவம்தான். ஆனால் நாங்கள் ஏற்றிக்கொண்ட வகை, வேகமாகப் போனால் ரத்தத்தில் இருக்கிற கால்சியத்தையே பிடித்துக்கொள்ளும். கால்சியம் இறங்கினால் தசை இழுக்கும், இதயத் துடிப்பே தடுமாறலாம். அமெரிக்காவில் 2003-க்கும் 2005-க்கும் இடையில் இப்படி மூன்று பேர் இறந்திருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் குழந்தைகள். இதை எல்லாம் அப்புறம்தான் படித்தேன். அன்று ராத்திரி படுக்கையில் இருந்தபோது எனக்கு வந்தது அழுகைகூட இல்லை, கோபம். ஆஸ்பத்திரி பில் 7,400. எந்த டிரிப்ஸ் ஏற்றினாலும் மருந்தின் பெயரைக் கேளுங்கள், லேபிளைப் படம் எடுங்கள். 'மூலிகை டிரிப்ஸ்', 'கிளீனிங் டிரிப்ஸ்' என்று சொன்னால் அது பெயரே இல்லை.

இந்தச் சிகிச்சைக்கு ஆதாரம் உண்டா என்று கேட்பீர்கள். விற்கிறவர்களும் ஓர் ஆராய்ச்சியைச் சொல்லித்தான் விற்கிறார்கள், அதனால் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த 1,708 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்திய பெரிய ஆய்வு 2013-ல் வெளிவந்தது. அதில் சிறிய பலன் தெரிந்தது, அதுவும் பெரும்பாலும் சர்க்கரைக்காரர்களிடம். நோட்டீஸில் போடுவது அதைத்தான். சரி, அப்படியானால் சர்க்கரைக்காரர்களிடம் மட்டும் திரும்பப் பார்ப்போம் என்று நடத்திய இரண்டாவது ஆய்வின் முடிவு 2024-ல் வந்தது. ரத்தத்தில் ஈயத்தின் அளவு நன்றாகவே குறைந்தது. மாரடைப்பும் மரணமும் குறையவில்லை. இந்த இரண்டாவதை நோட்டீஸில் யாரும் போடுவதில்லை. எனக்கோ மாரடைப்பும் வந்ததில்லை, சர்க்கரையும் இல்லை.

அடுத்த வாரம் எங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்று, சீட்டுப் போட்டு, மத்தியானம் ஆகிவிட்டது டாக்டரைப் பார்க்க. நடுத்தர வயது, கொஞ்சம் சிடுசிடுப்பான டாக்டர். முகாம் தாளை வாங்கி, அந்த வண்ணப் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கீழ் மூலையில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். "162-க்கு 96. என்னம்மா இது, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடறீங்களா?" இல்லை என்றேன். "இதை அங்க யாரும் சொல்லலையா?" யாரும் சொல்லவில்லை. சுண்ணாம்பு, அடைப்பு, கிளீனிங், பைபாஸ் என்று அரை மணி நேரம் பேசியவர்கள் பிரஷர் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. மாத்திரை சில ரூபாய்தான், அதில் அவர்களுக்கு என்ன லாபம்?

அவர்தான் அந்த 1,720 என்ன என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவர் வழியாக ஓர் அதிர்வு அலை ஓடுகிறது. மணிக்கட்டில் நாம் தொட்டுப் பார்க்கிற நாடி அந்த அலைதான், ரத்தத்தின் ஓட்டம் அதைவிட எவ்வளவோ மெதுவானது. இந்த அலை புஜத்துக்கும் கணுக்காலுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை அளந்து, நொடிக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று இயந்திரம் கணக்குப் போடுகிறது. இளகிய குழாயில் அலை மெதுவாகப் போகும், விறைத்த குழாயில் வேகமாகப் போகும். எங்கள் அலுவலகத்தில் பழைய ஃபைல்களைக் கட்டி வைத்த ரப்பர் பேண்டுகள் உண்டு, பத்து வருஷம் கழித்து இழுத்தால் நீளாது, பொடிந்துவிடும். குழாய்ச் சுவரின் மீள்நார்களும் வயதாக ஆக அப்படித்தான் ஆகின்றன. ஆனால் உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, புகை எல்லாம் சேர்ந்தால் வயதுக்கு முன்பே ஆகிவிடுகின்றன. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது வேகம் எடுக்கும் என்பதையும் அவர் சொன்னார். அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

இதயத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன், ஏனென்றால் எனக்குப் பயமே அதில்தான். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான பெருந்தமனி நன்றாக இருந்தால், இதயம் துடிக்கும்போது விரிந்து கொஞ்சம் ரத்தத்தைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும், இதயம் ஓய்வெடுக்கும்போது சுருங்கி அதை அனுப்பும். விறைத்துப்போனால் பிடித்து வைக்க முடியாது, அதனால் மேல் அழுத்தம் ஏறுகிறது, கீழ் அழுத்தம் இறங்கப் பார்க்கிறது. இன்னொன்று, போன அலை கிளைகளில் மோதித் திரும்பி வரும். மெதுவாகத் திரும்பினால் இதயம் ஓய்வில் இருக்கும்போது வந்து சேரும், தொந்தரவில்லை. வேகமாகத் திரும்பினால் இதயம் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும்போதே எதிரே வந்து மோதும். அந்தச் சுமையைத் தாங்கத்தான் இடது கீழறையின் சுவர் தடிக்கிறது. தடித்த தசைக்கு ரத்தம் கூடுதலாக வேண்டும். ஆனால் இதயத்துக்கே ரத்தம் தருகிற கொரோனரி குழாய்கள் பெரும்பாலும் நிறைவது ஓய்வு நேரத்தில், கீழ் அழுத்தத்தை நம்பி. அது இறங்கினால் வரவு குறைகிறது. செலவு கூடி வரவு குறைந்தால் என்ன ஆகும் என்று கணக்கு எழுதுகிறவளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு எக்கோ எடுத்ததில் இடது கீழறைச் சுவர் லேசாகத் தடித்திருந்தது. ஆக அந்தப் புள்ளி சிவப்பில் இருந்தது சும்மா இல்லை. பல வருஷமாக யாரும் பார்க்காத பிரஷரை அது காட்டிக்கொடுத்திருக்கிறது. அதைத் தந்தவர்கள் அதை வேறு கதையாக மாற்றி விற்றுவிட்டார்கள்.

இந்த இடத்தில் மகன் ஒரு பீதியைக் கிளப்பினான். இணையத்தில் தேடிவிட்டு, "அம்மா, 10-க்கு மேல போனாலே ஆபத்துன்னு போட்டிருக்கு, உனக்கு 17.2 இருக்கு" என்று போனில் கத்தினான். பலர் இதில் மாட்டுகிறார்கள் என்று அப்புறம் தெரிந்தது. அலை வேகத்தை இரண்டு விதமாக அளக்கிறார்கள். கழுத்துக்கும் தொடை இடுக்குக்கும் இடையே அளப்பது ஒன்று. அதுதான் பெருந்தமனியை நேராகக் காட்டுவது. ஐரோப்பிய ரத்த அழுத்த வழிகாட்டி 2013-ல் சொன்ன நொடிக்கு 10 மீட்டர் என்ற எல்லை அதற்கு உரியது. நமக்கு முகாமில் செய்வது புஜத்துக்கும் கணுக்காலுக்கும் இடையே. ஜப்பானில் பரவலான முறை இது. கால் குழாய்களும் இதில் சேர்வதால் எண் இயல்பிலேயே பெரிதாக வரும். இதற்கு அங்கே 18 மீட்டர் அளவில், அதாவது 1,800-ல் எல்லை வைத்திருக்கிறார்கள். ஒன்றின் எண்ணை இன்னொன்றின் எல்லையோடு ஒப்பிடக் கூடாது. தாளில் எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை அளந்தது என்று முதலில் பாருங்கள். 'குழாய் வயது' என்பதோ, உங்கள் எண் எந்த வயதுக்காரர்களின் சராசரியோடு பொருந்துகிறது என்று ஓர் அட்டவணையில் பார்த்துப் போடுவது மட்டும்தான். அந்த அட்டவணை யாரை வைத்துப் போட்டது என்று முகாமில் கேளுங்கள், பதில் வராது.

அளக்கும் நேரத்து பிரஷரும் முக்கியம். பிரஷர் ஏறியிருந்தால் சுவர் இழுபட்டு நிற்கும், அலை வேகமும் ஏறும். படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு, காபி குடித்த வாயோடு போய்ப் படுத்தால் எண் கூடத்தான் செய்யும். முறையாகச் செய்வதானால் சில மணி நேரம் காபி, டீ, சிகரெட் கூடாது, பத்து நிமிடமாவது அமைதியாகப் படுத்திருக்க வேண்டும், பேசக் கூடாது. அதே நாளின் பிரஷரைத் தாளில் குறித்து வாங்க வேண்டும்.

டாக்டர் எனக்குச் செய்யச் சொன்னவற்றில் புதுமை எதுவும் இல்லை. இரண்டு கையிலும் பிரஷர், ஈசிஜி, எக்கோ, கொழுப்பு, மூன்று மாதச் சர்க்கரை அளவு, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம். இவற்றில் பெரும்பாலானவற்றை முகாமில் செய்யவே இல்லை. கெட்ட கொழுப்பு 148, சர்க்கரை இல்லை. புஜத்தில் கட்டும் டிஜிட்டல் பிரஷர் மெஷின் ஒன்று வாங்கி (மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம் என்றார்) ஒரு வாரம் காலை, ராத்திரி இரண்டு வேளையும் எழுதி வரச் சொன்னார். வீட்டில் எடுக்கும்போது சராசரி 135-க்கு 85-ஐத் தாண்டினால் உயர் ரத்த அழுத்தம்தான், எனக்கு 150-ஐச் சுற்றி நின்றது. டெல்மிசார்டான் ஆரம்பித்து, போதாமல் ஆம்லோடிபின் சேர்த்தார், கொழுப்புக்கு ஒரு ஸ்டாடின். உப்பைப் பற்றிக் கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. தனியாக இருக்கிற வீட்டில் குழம்பு வைக்கச் சோம்பி, மோர்சாதம், மாவடு, அப்பளம், மோர்மிளகாய் என்றே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்பு, ஒரு டீஸ்பூன் மட்டம், அதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு. என் தட்டில் அது காலையிலேயே முடிந்துவிடும். மாவடுவை விடுவது மாத்திரை சாப்பிடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மாத்திரைகள் இப்போது நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் எங்கள் தெருவில் முதியவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

அங்கே முதுநிலை படிக்கும் ஒரு பையன், ஆய்வேட்டுக்காக ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தான். "அம்மா, காசு வேண்டாம், ஊசி இல்லை, ஒரு மணி நேரம் படுத்திருந்தா போதும்" என்றான். ஊசி இல்லை என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் இவன் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கொடுத்துப் படிக்க வைத்தான். வெறும் வயிற்றில் வரச் சொன்னான். திரை போட்ட ஏசி அறை. மேல்கையில் ஸ்கேன் கருவியைப் பிடித்துக்கொண்டு, முழங்கைக்குக் கீழே பட்டையைக் கட்டி, ரத்தமே போகாத அளவுக்கு இறுக்கி ஐந்து நிமிடம் வைத்தான். கை வெளிறி, மரத்து, என் கையே இல்லாத மாதிரி ஆனது. காற்றைத் திறந்துவிட்டதும் கை சூடாகிச் சிவந்தது. தேங்கியிருந்த ரத்தம் பாய்ந்து போகும்போது மேல்கைத் தமனி எத்தனை சதவீதம் விரிகிறது என்று திரையில் அளந்தான். குழாயின் உள்தோல் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை இளக்குகிறதா என்று பார்க்கும் சோதனை. அந்த நைட்ரிக் ஆக்சைடு விஷயத்தைக் கண்டறிந்தவர்களுக்குத்தான் 1998-ல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். உள்தோல் கெடுவதுதான் கொழுப்புப் படிவதற்கு முதல் படி, ஸ்கேனில் அடைப்பு தெரிவதற்குப் பல வருஷம் முன்பே இது தொடங்கிவிடும் என்றான். எனக்கு 5-க்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. நல்லதா கெட்டதா என்று கேட்டேன். "சுமார்தான்மா. ஆனா இதை வச்சு உங்க மாத்திரையை மாத்த மாட்டோம். நேத்து தூங்காம வந்தாலே இது குறையும். நூறு பேரைச் சேர்த்துப் பாக்குறதுக்குத்தான் இது, ஒருத்தருக்குத் தீர்ப்பு சொல்ல இல்ல" என்றான். அந்தப் பதிலுக்காகவே அவன் நல்ல டாக்டராக வருவான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் சொன்னது அவன் சொந்தக் கருத்தும் இல்லை. அமெரிக்க இதயச் சங்கங்களின் 2010-ஆம் ஆண்டு வழிகாட்டி, அறிகுறி இல்லாதவர்களுக்கு இதய ஆபத்தைக் கணிக்க இந்த விரிவுச் சோதனையும் விறைப்புச் சோதனையும் ஆராய்ச்சிக்கு வெளியே வேண்டாம் என்றே சொன்னது. அதே வருஷம் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பெருந்தமனி அலை வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் கூடினால் இதய நோய் ஆபத்து சுமார் 14 சதவீதம் கூடுகிறது என்றும் தெரிந்தது. இரண்டும் முரண் மாதிரித் தோன்றும். ஆபத்தோடு தொடர்பு இருப்பது உண்மை. ஆனால் பிரஷர், கொழுப்பு, சர்க்கரை, புகை, வயது இவற்றை வைத்தே தெரிவதற்கு மேல் அது சிகிச்சையை எவ்வளவு மாற்றும் என்பதுதான் கேள்வி. சோதனைக்குக் காசு கொடுக்கும் முன் நானும் இப்போது அதையே கேட்கிறேன்: இந்த ரிசல்ட் எப்படி வந்தாலும் எனக்குக் கொடுக்கப்போகிற மருந்து மாறுமா? இதயக் குழாய்களில் எவ்வளவு சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று பார்க்கும் கால்சியம் ஸ்கோர் சி.டி. ஸ்கேன் எடுக்கலாம் என்று மகன் அடம் பிடித்தபோது டாக்டரிடம் இதைத்தான் கேட்டேன். ஸ்டாடின் ஆரம்பிப்பதா வேண்டாமா என்று தயக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அது நல்ல சோதனை, பூஜ்யம் வந்தால் தள்ளிப்போடலாம், 100-ஐத் தாண்டினால் தள்ளிப்போடக் கூடாது. எனக்கு ஏற்கெனவே ஆரம்பித்தாயிற்று, எதற்கு என்றார். அந்தப் பணம் மிச்சம்.

ஏழெட்டு மாதம் கழித்து, பிரஷர் 126-க்கு 80 என்று நின்ற பிறகு, அந்தப் பையனே நாலு பட்டைக் கருவியில் திரும்ப எடுத்துப் பார்த்தான். 1,430. ஒரு டிரிப்ஸும் ஏற்றாமல்.

பணத்துக்கு வருகிறேன். பில் கேட்டபோது அவர்கள் கொடுத்தது 'ஆரோக்கியத் திட்டம்' என்று எழுதிய துண்டுச் சீட்டுதான். நல்ல வேளையாக ஜிபேயில் கட்டியிருந்தேன், பதிவு இருந்தது. அவசரப் பிரிவின் டிஸ்சார்ஜ் சம்மரி, லேபிள் படம், பணம் கட்டிய பதிவு மூன்றையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். தமிழ்நாட்டில் கிளினிக் நடத்துகிற யாரும் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அங்கேயும் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கினேன், அந்த ரசீதின் நகலை அவர்களுக்கு அனுப்பினேன். அதற்கப்புறம்தான் போன் வந்தது. பேசிப் பேசி 35,000 திருப்பித் தந்தார்கள். ஏற்றாத டிரிப்ஸுக்குரிய பணம் அதைவிடக் கூட இருக்கும். மிச்சத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலே வாதாடலாம். மனு எழுதி வைத்திருக்கிறேன். ஆக, ஆஸ்பத்திரி பில்லையும் சேர்த்து, கையை விட்டுப் போனது இப்போதைக்கு 66,000 ரூபாய்.

கடைசியாக எதிர்வீட்டு அண்ணனைப் பற்றி. ஆட்டோ ஓட்டுகிறவர், அறுபது வயது, பதினைந்து வருஷமாகச் சர்க்கரை, பீடிப் பழக்கம். அவரும் அதே முகாமுக்கு வந்திருந்தார். அவருக்குப் பச்சையில் புள்ளி, குழாய் வயது 55 என்று போட்டுக் கைகொடுத்து அனுப்பினார்கள். தெருவே ஸ்வீட் சாப்பிட்டது. என் கதை எல்லாம் நடந்த பிறகு ஒரு நாள், டீக்கடை வரை நடந்தால் வலது கெண்டைக்கால் கடுக்கிறது, நின்றால் சரியாகிறது என்று சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அவர் தாளை வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்த எண் இருந்தது, வலது 0.68. எனக்கு அது 1.08. சாதாரணமாக 1.0 முதல் 1.4 வரை இருக்க வேண்டும், 0.9-க்குக் கீழே போனால் கால் தமனியில் அடைப்பு. அப்படிப்பட்டவர்களுக்கு மாரடைப்பு ஆபத்தும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அடைப்புள்ள காலில் அலை தாமதமாக வந்து சேரும், அதனால் வேகம் குறைவாகக் கணக்காகி, இயந்திரம் இளமையான குழாய் என்று நினைத்துக்கொள்ளும். அந்த டாக்டரிடமே கூட்டிப்போனேன். ஆஸ்பிரின், ஸ்டாடின், சர்க்கரைக்கு மருந்தை மாற்றியது, வலி வரும்வரை நடந்து நின்று திரும்ப நடக்கும் பயிற்சி என்று இப்போது போய்க்கொண்டிருக்கிறது. பீடியைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். முழுசாக விடச் சொல்லி அண்ணி தினமும் சண்டை போடுகிறார்.